ஆங்கிலம்: யார் காதை நம்புவது?

'ஏ'யா, 'ஆன்'னா என்பதைக் காது தீர்மானிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பாட்னாவின் காதும் பெங்களூரின் காதும் பாஸ்டனின் காதும் ஒன்றல்ல. ஆங்கிலத்தின் மிகச் சிறிய சொற்களில் ஒன்று மதிப்பெண்ணையும் வேலையையும், சில சமயம் மருத்துவக் குறிப்பையும் தடம் மாற்றுகிறது.

1990களின் பிற்பகுதியில் பெங்களூர், ஹைதராபாத், சென்னை போன்ற நகரங்களில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்ற புதிய தொழில் சூடுபிடித்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். அங்கே இரவாகும்போது இங்கே பகல். இளைஞர்களும் பெண்களும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கால் பெடலால் ஒலியை நிறுத்தி நிறுத்திக் கேட்டு டைப் செய்வார்கள். டாக்டர் எழுந்து வருவதற்குள் அறிக்கை தயாராக இருக்கும். நீளமான லத்தீன் நோய்ப் பெயர்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. அகராதியைப் புரட்டிப் பிடித்துவிடலாம். அகராதியால் பிடிக்க முடியாதது ஒற்றை எழுத்து.

'ஃபெப்ரைல்' என்றால் காய்ச்சல் இருக்கிறது என்று பொருள். 'ஏஃபெப்ரைல்' என்றால் காய்ச்சல் இல்லை. 'டிபிகல்' என்பது வழக்கமானது. 'ஏடிபிகல்' வழக்கத்துக்கு மாறானது. 'சிம்ப்டமேடிக்' அறிகுறி உள்ளவர். 'ஏசிம்ப்டமேடிக்' அறிகுறி இல்லாதவர். இப்போது இந்த 'ஏ'யை ஓர் இடைவெளி விட்டு எழுதிப் பாருங்கள். 'ஏ ஃபெப்ரைல் சைல்ட்' என்றால் காய்ச்சலில் கிடக்கும் ஒரு குழந்தை. இடைவெளியை எடுத்துவிட்டால் காய்ச்சல் விட்ட குழந்தை. டாக்டர் அவசரத்தில் பேசியிருக்கிறார், டேப்பில் இரைச்சல், கேட்பவருக்கு அந்த உச்சரிப்பு பழக்கமில்லை. ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டியதில் நோயாளியின் நிலை தலைகீழாகிவிடும்.

ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் சாதாரணப் பேச்சில் இந்த 'ஏ'வை 'ஏ' என்று சொல்வதே இல்லை. வாயை முழுதாகத் திறக்காமல், பாதி விழுங்கிய ஓர் 'அ'வாகத்தான் அது வரும். மறுப்புப் பொருள் தரும் 'ஏ'யை மட்டும் அழுத்திச் சொல்வார்கள். அவர்கள் காதுக்கு இரண்டும் வேறு வேறு. நாமோ வகுப்பறையில் எழுத்தின் பெயரைக் கற்றுக்கொண்டு, அதையே சொல்லாகவும் உச்சரிக்கிறோம். 'திஸ் இஸ் ஏ டிபிகல் கேஸ்' என்று ஓர் இந்திய டாக்டர் முழு 'ஏ' போட்டுச் சொன்னால், எதிரே இருக்கும் வெளிநாட்டுக்காரர் 'வழக்கத்துக்கு மாறான கேஸ்' என்று குறித்துக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு.

இந்தச் சின்னச் சொல்லை நம் பள்ளிகள் சொல்லிக்கொடுக்கும் விதத்திலேயே கோளாறு தொடங்குகிறது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று ஐந்து உயிரெழுத்துகள். அவற்றில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஆன்', மற்றவற்றுக்கு முன் 'ஏ'. ஆரம்ப வகுப்பில் பிள்ளைகள் கோரஸாக ஒப்பிக்கும் இந்த விதி மனப்பாடத்துக்கு எளிது. ஆனால் தவறு. விதி எழுத்தைப் பற்றியதே அல்ல, ஒலியைப் பற்றியது. யூனிவர்சிட்டி 'யூ' என்ற எழுத்தில் தொடங்கினாலும் வாயில் முதலில் வருவது 'ய்' என்ற மெய்யொலி. அதனால் 'ஏ யூனிவர்சிட்டி'. யூனிஃபார்ம், யூரோப்பியன், யூஸ்ஃபுல் எல்லாம் அப்படியே. ஒரு ரூபாய் நோட்டின் 'ஒன்' எழுத்தில் 'ஓ'; வாயில் 'வ்'. எனவே அதற்கும் 'ஏ'. மணி நேரத்தைக் குறிக்கும் 'ஹவர்', நேர்மையைக் குறிக்கும் 'ஹானஸ்ட்', வாரிசைக் குறிக்கும் 'ஹெய்ர்' ஆகியவற்றில் எச் எழுத்தில்தான் இருக்கிறது, நாக்கில் இல்லை. எனவே அவற்றுக்கு 'ஆன்'.

ரென் அண்ட் மார்ட்டின் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 1930களில் வெளிவந்து இன்றுவரை எஸ். சந்த் நிறுவனத்தின் பதிப்பாக விற்றுக்கொண்டிருக்கும் அந்த இலக்கணப் புத்தகத்தின் முதல் ஆசிரியர் பி.சி. ரென், பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியவர்; 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலால் உலகப் புகழ் பெற்றவர். ஆனால் ஒலியைப் பற்றிய ஒரு விதியை, சத்தமே இல்லாத புத்தகத்திலிருந்து, அந்தச் சொற்களைச் சரியாகக் கேட்டேயிராத ஒரு மாணவன் எப்படிக் கற்பான்? கபில்தேவ் விளம்பரத்தில் வந்து சிபாரிசு செய்த ராபிடெக்ஸ் புத்தகமும் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டது. ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு 'ஆன் யூனிவர்சிட்டி' காதில் உறுத்தும், விதி தெரியாமலேயே. கான்பூரில் இந்தி மீடியத்தில் படித்த பிள்ளைக்கு உறுத்த வழியே இல்லை. அவன் ஐந்து எழுத்துகளை நினைவுபடுத்தி, கணக்குப் போட்டு எழுதுகிறான். இலக்கணப் பிழை என்று நாம் திருத்துவது பெரும்பாலும் அவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்பதைத்தான்.

இந்தியர்களுக்கு இன்னொரு வம்பும் உண்டு. உலகத்திலேயே தலைப்பெழுத்துகளின் மீது இவ்வளவு மோகம் கொண்ட நாடு வேறு இருக்குமா என்பது சந்தேகம். எம்.எல்.ஏ., எம்.பி., எஃப்.ஐ.ஆர்., எஸ்.பி., ஐ.ஏ.எஸ்., எல்.ஐ.சி., ஆர்.டி.ஓ. இவை அனைத்துக்கும் 'ஆன்'தான். ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளில் 12 எழுத்துகளின் பெயர்கள் உயிரொலியில் தொடங்குகின்றன: ஏ, ஈ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ். ஐந்து என்று கற்ற மாணவன் 'ஏ எம்.எல்.ஏ.' என்று எழுதிவிட்டுத் திகைக்கிறான். மாறாக, 'யூ' என்ற எழுத்து உயிரெழுத்துப் பட்டியலில் இருந்தும் இந்தப் பட்டியலில் இல்லை. யூ.என். தீர்மானத்துக்கு 'ஏ'. அதோடும் முடியவில்லை. நேஷனல் என்று தொடங்கும் ஓர் அமைப்பின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னால் 'என்' என்று உயிரில் தொடங்கும். நாசாவைப் போல ஒரே சொல்லாகச் சேர்த்துச் சொன்னால் 'நா' என்று மெய்யில் தொடங்கும். அதே முதலெழுத்துக்கு அங்கே 'ஆன்', இங்கே 'ஏ'.

ஆங்கிலப் பத்திரிகைகளின் சப்-எடிட்டர்களைக் கேட்டால் ரூபாய்தான் பெரிய தலைவலி என்பார்கள். போஃபர்ஸ் விவகாரத்தில் அடிபட்ட கமிஷன் தொகை 64 கோடி ரூபாய். அச்சில் 'ஆர்.எஸ்.' என்ற சுருக்கம் முன்னால் வரும், எண் பின்னால் வரும். 'ஆர்' என்று படித்தால் 'ஆன்' போட வேண்டும். 'ருபீஸ்' என்று படித்தால் 'ஏ'. உண்மையில் வாய் விட்டுப் படிப்பவர் 'சிக்ஸ்டி ஃபோர் குரோர் ருபீ' என்று எண்ணைத்தான் முதலில் சொல்வார்; அப்போதும் 'ஏ'. தொகை 80 கோடி என்றால் 'எய்ட்டி', ஆகவே 'ஆன்'. எழுதும் வரிசை ஒன்று, படிக்கும் வரிசை வேறு. 2010ல் ரூபாய்க்குத் தனிச் சின்னம் வந்த பிறகும் இந்தச் சிக்கல் தீரவில்லை. சின்னத்தையும் முன்னால்தான் போடுகிறார்கள்.

இத்தனைக்கும் மூலம் ஒரு சாதாரணத் தேய்மானம். உயிருக்கு முன் 'என்' என்ற எழுத்தைச் சேர்க்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்பது ஒன்று என்ற எண்ணுப் பெயர். எல்லாச் சொற்களுக்கு முன்னும் அதுவே நின்றது. நாளடைவில் அழுத்தம் குறைந்து, மெய்யொலிக்கு முன் வரும்போது கடைசி 'ன்' உதிர்ந்து போயிற்று. உயிருக்கு முன் மட்டும் ஒட்டிக்கொண்டு பிழைத்தது. 'மை', 'மைன்' என்ற இரட்டையரின் கதையும் இதுவே.

உதிர்ந்தும் உதிராமலும் நின்ற அந்த 'ன்' சில சொற்களையே இடம் மாற்றிவிட்டது. கிரிக்கெட் ரசிகர்கள் தினமும் திட்டும் 'அம்பயர்' பழைய பிரெஞ்சில் 'நோன்பெர்', அதாவது இரு தரப்புக்கும் ஜோடி சேராத மூன்றாம் ஆள். 'ஏ நம்பயர்' என்று சொல்லிச் சொல்லி, 'ன்' முன் சொல்லோடு போய் ஒட்டிக்கொண்டு 'ஆன் அம்பயர்' ஆனது. சமையலறையில் கட்டும் 'ஏப்ரன்' முதலில் 'நேப்ரன்'. மேஜைத் துணியான 'நாப்கின்' அதன் தங்கை. விரியன் இனப் பாம்பான 'ஆடர்' ஒரு காலத்தில் 'நாடர்'. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. கூடுதல் பெயர் என்ற பொருளில் 'ஈக்நேம்' என்று இருந்தது, 'ன்'னைத் திருடிக்கொண்டு 'நிக்நேம்' ஆனது. எட்வர்டை வீட்டில் 'நெட்' என்று அழைப்பதற்கும் 'மைன் எட்' என்ற கொஞ்சல்தான் காரணம்.

ஆரஞ்சுக்கும் இதே கதையைச் சொல்லும் புத்தகங்கள் உண்டு. பாதிதான் சரி. நம் நாரத்தைக்கும் மலையாளத்து நாரங்காவுக்கும் உறவான ஒரு திராவிடச் சொல்லே மூலம் என்பது மொழியியலாளர்கள் பலரின் கருத்து. அது சமஸ்கிருதத்தில் 'நாரங்க' ஆகி, பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போனது. ஸ்பெயின் மொழியில் இன்றும் 'ந' இருக்கிறது. இத்தாலியிலும் பிரான்சிலும் உதிர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் கரையிறங்கும்போதே அது 'ந' இல்லாத பழம்.

ஒலியைப் பார்த்துச் சொல் உருமாறுவது நமக்குப் புதிதும் அல்ல. சமஸ்கிருதத்தில் மறுப்பைக் குறிக்கும் 'அ', மெய்க்கு முன் 'அ'வாகவே நிற்கும்: அதர்மம், அசுத்தம். உயிருக்கு முன் 'அன்' ஆகும்: அனாதி, அனாவசியம். அநேகம் என்பதே 'அன்' சேர்ந்த 'ஏகம்', ஒன்றல்லாதது. கிரேக்க மொழியிலும் இதே ஏற்பாடு. அங்கிருந்து வந்ததுதான் டாக்டர்களின் 'ஏடிபிகல்'லில் உள்ள 'ஏ'யும் 'அனீமியா'வில் உள்ள 'அன்'னும். தமிழில் ஓர் ஊர், ஒரு வீடு. ஆனால் பாட்டி கதை சொல்லும்போது 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்றுதான் தொடங்குகிறாள். 'ஓர் ஊர்ல' என்று தொடங்கினால் குழந்தை சிரிக்கும். கிழக்கு லண்டனில் பல இனத்தவர் கலந்து வளரும் இளைஞர்களின் பேச்சிலும் இதுவே நடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆப்பிளுக்கு முன்னும் 'ஏ'தான், நடுவில் தொண்டையில் ஒரு சிறு தடை போட்டுக்கொண்டு.

காதுதான் நீதிபதி என்றால் அடுத்த கேள்வி, யாருடைய காது? மூலிகை என்ற பொருளில் வரும் 'ஹெர்ப்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கர்கள் எச்சை விட்டுவிட்டு 'எர்ப்' என்பார்கள். எனவே அவர்களுக்கு 'ஆன்'. பிரிட்டனில் எச் உண்டு, எனவே 'ஏ'. அமெரிக்கர்கள் கொச்சைப்படுத்திவிட்டார்கள் என்று நம் ஆங்கில ஆசிரியர்கள் சொல்லக்கூடும். உண்மை வேறு. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் எச் ஒலிக்கவில்லை. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தைப் பார்த்து எச்சை உச்சரிக்கும் வழக்கம் வேரூன்றியது. அமெரிக்கர்கள் பழையதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, இங்கிருந்து கப்பலேறும் ஆயுர்வேத மருந்தின் அட்டைப்பெட்டியில் லண்டனுக்கு ஒன்றும் நியூயார்க்குக்கு ஒன்றுமாக இரண்டு இலக்கணம் அச்சடிக்க வேண்டும்.

எச் என்பது ஆங்கிலத்தின் சாதி அடையாளம். பிரெஞ்சு வழி வந்த ஹ்யூமர், ஹாஸ்பிடல், ஹம்பிள் போன்ற சொற்களில் அது ஒரு காலத்தில் ஒலிக்கவில்லை. பிறகு படித்தவர்கள் ஒலிக்கத் தொடங்கினார்கள். அதன்பின் ஒலிக்காதவர்கள் தாழ்ந்தவர்கள் ஆனார்கள். டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் யூரையா ஹீப் என்ற கபடதாரி தன்னை 'அம்பிள்' ஆசாமி என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அந்த விடுபட்ட எச்சே அவன் வர்க்கத்தைக் காட்டிக்கொடுக்கும். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகமும், அதைத் தழுவி 1964ல் வந்த 'மை ஃபேர் லேடி' படமும் பூக்காரி எலைசாவின் வாயில் தொலைந்த எச்சைத் தேடி மீட்டெடுக்கும் கதைகளே.

இலக்கணமும் அந்த எச்சோடு சேர்ந்து ஆடியது. 1611ன் கிங் ஜேம்ஸ் பைபிளில் வீட்டுக்கும் நூறுக்கும் 'ஆன்'தான். 'ஆன் ஹோட்டல்', 'ஆன் ஹிஸ்டாரிக்' என்று எழுதுவது நம் தாத்தாக்கள் காலத்தில் மெத்தப் படித்ததன் அடையாளம். முதல் அசையில் அழுத்தம் இல்லாததால் எச் மெலிந்துவிடும் என்பது அதற்குச் சொன்ன காரணம். 1926ல் ஹென்றி ஃபவுலர் தன் 'மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்' நூலில், எச் இப்போது ஒலிப்பதால் இது வெறும் பண்டிதப் பகட்டு என்று தீர்ப்பளித்தார். அப்படியும் 'ஆன் ஹிஸ்டாரிக்' செத்துவிடவில்லை. நம் தலைவர்களின் மேடைகளில் இன்றும் வரலாற்றுச் சிறப்புமிக்க எந்த நிகழ்ச்சிக்கும் அந்த 'ஆன்' வந்துவிடுகிறது, எச் கணீரென்று ஒலிக்க. இரண்டு பக்கமும் இல்லாத இந்தக் கலவைதான் உண்மையில் தவறு. எச்சை விழுங்குபவர் 'ஆன்' சொல்லலாம், முழங்குபவர் சொல்லக்கூடாது.

யூனிஃபார்முக்கு 'ஆன்' போட்டால் எந்த இந்தியப் பள்ளியிலும் சிவப்பு மை விழும். 1787ல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தில் குடியுரிமை பற்றிய ஷரத்தில் 'ஆன் யூனிஃபார்ம்' என்றுதான் இருக்கிறது. எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் யூரோப்பியனுக்கும் 'ஆன்' போடுவது சர்வ சாதாரணம். 'ஒன்' என்ற சொல்லும் முன்பு 'ஓன்' என்றே ஒலித்தது. 'அலோன்', 'ஒன்லி' ஆகியவற்றில் அந்தப் பழைய ஒலி இன்னும் மிச்சமிருக்கிறது. முன்னால் 'வ்' ஒட்டிக்கொண்டது பிற்பாடு. நாம் 'ஒண்ணு' என்பதை 'வொண்ணு' என்று சொல்வது போலத்தான்.

இனி அந்த எட்டாவது எழுத்தின் பெயர். பிரிட்டிஷ் அகராதிகளுக்கு அது 'எய்ச்'. அயர்லாந்தில் 'ஹெய்ச்'. வட அயர்லாந்தில் புராட்டஸ்டன்டுகள் முதல் வகை, கத்தோலிக்கர்கள் இரண்டாம் வகை என்று ஒரு பொது வழக்கு உண்டு. கலவரக் காலத்தில் ஒருவரை எழுத்துகளை ஒப்பிக்கச் சொன்னால் அவர் மதம் தெரிந்துவிடும் என்ற அச்சம் அங்கே வேடிக்கைப் பேச்சல்ல. பைபிளின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் யோர்தான் ஆற்றுத் துறையில் 'ஷிபோலெத்' என்று சொல்லச் சொல்லி, 'சிபோலெத்' என்றவர்களை வெட்டிய கணக்கு 42,000. இந்தியாவிலும் 'எச்', 'ஹெச்' இரண்டும் உண்டு, நல்லவேளையாக எந்த மதத்துக்கும் சொந்தமாகாமல். தமிழ் எழுத்திலேயே ஒருவர் எச்.எம்.டி. கடிகாரம் என்பார், இன்னொருவர் ஹெச்.எம்.டி. என்பார். முதலாமவர் 'ஆன்' போட வேண்டும். இரண்டாமவர் 'ஏ' போட வேண்டும். இருவரும் 'ஆன்'தான் போடுகிறார்கள்.

இந்த ஓட்டையை இந்திய வரைபடம் முழுவதும் பார்க்கலாம். உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் பலருக்கு ஸ்கூல் என்பது 'இஸ்கூல்', ஸ்டேஷன் 'இஸ்டேஷன்'. இரண்டு மெய்கள் சேர்ந்து சொல்லைத் தொடங்குவது அந்த நாக்குக்கு ஒத்துவராது. முன்னால் ஓர் 'இ' வந்து கைகொடுக்கிறது. விதிப்படி அவர்கள் 'ஆன் இஸ்கூல்' என்று எழுத வேண்டும். பஞ்சாபியர் அதே சிக்கலை நடுவில் ஓர் 'அ' போட்டு, 'சகூல்' என்று தீர்த்துக்கொள்கிறார், அவருக்கு 'ஏ'. தெற்கே தமிழ், தெலுங்கு, கன்னடப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் 'எ'வுக்கு முன் 'ய்' இழைகிறது. எம்.எல்.ஏ. 'யெம்மெல்லே' ஆகிறார், எக்ஸ்ரே 'யெக்ஸ்ரே' ஆகிறது. ஆக, எழும்பூரிலும் குண்டூரிலும் 'ஏ யெம்மெல்லே' என்பதே காதுக்கு நேர்மையான இலக்கணம். ஹாஸ்பிடலுக்கு இந்தியில் 'அஸ்பதால்', வங்காளியில் 'ஹாஷ்பாதால்'. தமிழில் ஆஸ்பத்திரி. ஹோட்டல் நம் ஊர்ப் பலகைகளில் ஓட்டல். நாம் எச்சை விடும் விஷயத்தில் லண்டன் பூக்காரிக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்ல.

ஆனால் யாரும் 'ஆன் இஸ்கூல்' என்று எழுதுவதில்லை. பேனாவைத் தொட்டதும் நம் காதைக் கழற்றி வைத்துவிட்டு, நேரில் பார்த்தேயிராத ஓர் ஆங்கிலேயரின் காதை மாட்டிக்கொள்கிறோம். அந்த ஆங்கிலேயர் யார் என்பதும் தெரிந்த விஷயமே. 1917ல் டேனியல் ஜோன்ஸ் தன் உச்சரிப்பு அகராதியை வெளியிட்டபோது, தென் இங்கிலாந்தில் பெரிய போர்டிங் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களின் பேச்சையே அளவுகோலாகக் கொண்டார். பிரிட்டனிலேயே அப்படிப் பேசுபவர்கள் எப்போதும் சிறுபான்மையினர். அவர்கள் உச்சரிப்பில் வல்லவர் என்று பெயரெடுத்த இந்தியரை நாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டோம். 'சில்வர் டங்' என்று புகழப்பட்ட வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியின் ஆங்கிலம் இன்றைக்கும் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெருமை.

ஹைதராபாத்தில் 1958ல் தொடங்கி, பிற்பாடு மத்தியப் பல்கலைக்கழகமாக வளர்ந்த ஆங்கில மொழி நிறுவனம் இந்தப் பிரச்னையை வேறு கோணத்தில் பார்த்தது. அங்கே பணியாற்றிய ஆர்.கே. பன்சால் 1969ல் வெளியிட்ட ஆய்வின் கேள்வி, இந்தியர் ஆங்கிலேயரைப் போலப் பேசுகிறாரா என்பதல்ல. அவர் பேசுவது மற்றவருக்குப் புரிகிறதா என்பதே. புரியாமல் போவதற்கு அவர் கண்ட காரணங்களில் முக்கியமானது, சொல்லில் அழுத்தம் தவறான அசையில் விழுவது. இந்த அளவுகோலில் பார்த்தால் 'ஏ'க்குப் பதில் 'ஆன்' சொல்வதால் எந்த வாக்கியமும் புரியாமல் போவதில்லை. முதலில் சொன்ன மருத்துவக் குறிப்பில் தவறிப்போவது இந்த மாற்றம் அல்ல, அழுத்தம்.

வேலைச் சந்தைக்கு அந்த ஆய்வைப் படிக்க நேரமில்லை. 1997ல் ஜி.ஈ. கேபிடல் குர்காவ்ன் பக்கம் கடை விரித்தது. அதன்பின் பெருகிய கால் சென்டர்களில் 'அக்சென்ட் நியூட்ரலைசேஷன்' என்று ஒரு பயிற்சி கட்டாயமானது. 'நியூட்ரல்' என்றால் எந்த ஊருக்கும் சொந்தமில்லாதது என்று பொருள். நடைமுறையில் அது வாடிக்கையாளரின் ஊரைக் குறித்தது. பகலில் பிரிட்டிஷ் வாடிக்கையாளருக்கு 'ஹெர்ப்' சொன்னவர், ஷிஃப்ட் மாறியதும் அமெரிக்கருக்கு 'எர்ப்' சொல்லவும், கூடவே 'ஏ'வை 'ஆன்' ஆக்கவும் கற்றார். இசட் என்ற எழுத்து 'செட்'டிலிருந்து 'சீ' ஆனது. இப்போது அந்தப் பயிற்சியாளர்களின் வேலைக்கும் ஆபத்து. செயற்கை நுண்ணறிவு மென்பொருள், பேசப் பேசவே குரலை வைத்துக்கொண்டு உச்சரிப்பை மட்டும் மாற்றிக் கொடுக்கிறது. உலகின் பெரிய கால் சென்டர் நிறுவனங்களில் ஒன்றான டெலிபெர்ஃபார்மன்ஸ் இந்திய ஊழியர்களின் பேச்சில் இதைப் பயன்படுத்துவதாக 2025ல் செய்தி வெளியானது. மெஷின் 'இஸ்கூல்'லை 'ஸ்கூல்' ஆக்கிவிடும். 'ஏ', 'ஆன்' பேசுபவரின் பொறுப்பு.

ஆர்ட்டிகிளைத் தவறாகப் போடுவதைவிடப் போடாமலே விடுவதுதான் நம்மவர்களிடம் அதிகம். அதிலும் அதிசயம் இல்லை. இந்தியிலோ தமிழிலோ இப்படி ஒரு கட்டாயம் கிடையாது. 'டாக்டர் வந்திருக்கிறார்' என்றால் போதும்; ஒரு டாக்டரா, அந்த டாக்டரா என்று மொழி நம்மை வற்புறுத்துவதில்லை. இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவரும் இந்தியர்தான். அவர் வீட்டிலும் பேசும் மொழியில் ஆர்ட்டிகிள் இல்லை. ஆனாலும் முதல் நிமிடத்தில் அவர் காது அதைத்தான் எண்ணுகிறது.

எண்ணி மதிப்பெண் போடும் இடமும் இருக்கிறது. டெல்லி முகர்ஜி நகரின் மாடி வகுப்புகளிலும் பாட்னாவின் கோச்சிங் சென்டர்களிலும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் குறி வைப்பது ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் நடத்தும் பட்டதாரித் தேர்வை. 2020களின் முறைப்படி முதல் கட்டத்தின் 100 கேள்விகளில் 25 ஆங்கிலம். வாக்கியத்தில் எந்தப் பகுதியில் பிழை என்று கண்டுபிடிப்பது அதில் நிரந்தர அயிட்டம். ஆர்ட்டிகிள் அதன் செல்லப் பிள்ளை. சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழிவு. யூனிவர்சிட்டிக்கு முன் இருந்த 'ஆன்' கண்ணில் படாதவன் இரண்டரை மதிப்பெண் பின்தங்குகிறான். லட்சக்கணக்கானோர் எழுதும், கட்-ஆஃப் தசமப் புள்ளியில் நிற்கும் தேர்வில் அதற்குள் ஆயிரக்கணக்கானோர் முன்னே போய்விடுகிறார்கள்.

விடைப் பட்டியல் வெளியானதும் கட்டணம் கட்டி ஆட்சேபிக்கலாம். கூடவே சான்று இணைக்க வேண்டும். ரென் அண்ட் மார்ட்டினின் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தால் எடுபட வாய்ப்புண்டு. அமெரிக்க அரசியல் சாசனத்தை இணைத்தால் கட்டணம் போனதுதான்.